கட்டு மலிவுதான், ஆனாலும் வல்லாரையை வீட்டில் வளர்க்கிறேன்

பினாங்கில் வல்லாரை அரிய மூலிகை அன்று. ஈரச் சந்தைகளிலும் மாலை வேளைகளில் கூடும் பாசார் மாலாம்களிலும், மலாய்க்காரப் பெண்கள் பச்சையாக உண்ணும் கீரைகளான உலாம் விற்கும் மேசைகளில், உலாம் ராஜாவுக்கும் செலோமுக்கும் பக்கத்தில், மலாயில் பெகாகா எனப்படும் வல்லாரையை வேரோடு பிடுங்கிக் கட்டிய கட்டுகளைப் பார்க்கலாம். சில்லறைக் காசுக்கே ஒரு கட்டு கிடைக்கும்போது, ஆயர் ஈத்தாம் பக்கமுள்ள எங்கள் இணைப்பு வீட்டின் குறுகிய பின்கட்டில் அதற்கெனத் தொட்டிகளை வரிசையாக வைத்து, நாள் தவறாமல் நீர் ஊற்றி, நத்தைகளோடு மல்லுக்கட்டுவது எதற்கு என்று என் கணவர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். வீட்டில் வளர்ந்த வல்லாரைக்கு மருந்துக் குணம் கூடுதல் என்று நான் நினைக்கவில்லை. அது எந்த மண்ணில் நின்றது, எந்த நீரைக் குடித்தது என்பது எனக்குத் தெரியும் என்பதே நான் அவருக்குச் சொல்லும் பதில்.

வல்லாரை தான் நிற்கும் இடத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் செடி. ஈரத்தை நாடிப் படரும் இயல்புடையது ஆதலால், கால்வாய் ஓரத்திலும் வயல் வரப்பிலும் சாலையோரப் புல்தரையிலும், மேட்டிலிருந்து வழிந்துவரும் நீரெல்லாம் வந்து சேரும் பள்ளங்களிலும்தான் அது தானாகச் செழிக்கிறது. அந்த நீரோடு வரும் ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களையும் அதன் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்ப மலேசியாவின் பல இடங்களிலிருந்து வல்லாரையைச் சேகரித்து ஆராய்ந்து, ஓரிடத்து மண்ணின் உலோக மாசைக் காட்டிக்கொடுக்கும் செடியாகவே இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இலையைவிட வேரில்தான் இந்த உலோகங்கள் அதிகம் தங்குகின்றன. சமூலமாக, அதாவது வேர் முதல் இலை வரை முழுவதுமாக, அரைத்துச் சாறு பிழிய வேண்டும் என்று பழைய முறையைச் சொல்பவர்கள், எந்த ஊர்க் கால்வாயில் முளைத்த சமூலம் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் தாய்மார் தலைமுறை இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. கெடாவிலும் பேராக்கிலும் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால்களின் கரையில்தான் வல்லாரையைப் பறித்தார்கள். ரப்பர் மரங்களின் கீழும் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவிலும் முதுகில் மருந்துத் தொட்டியான தோம்பைச் சுமந்துகொண்டு களைக்கு மருந்தடித்தவர்களிலும் அந்தப் பெண்கள் ஏராளம். அங்கு பரவலாகப் பயன்பட்ட பாராகுவாட் களைக்கொல்லி இந்த நாட்டில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான். காலையில் மருந்தடித்த கையே மாலையில் அந்த நிலத்து ஓரத்தில் மூளைக்கு நல்லது என்று கீரை கிள்ளியது என்பதை நினைக்கும்போது, பழமையானது எல்லாம் தூய்மையானது என்று சொல்லப்படும் பேச்சில் எனக்குப் பெரிய நாட்டம் ஏற்படுவதில்லை. சந்தையில் விற்கும் கட்டுகள் எல்லாம் நஞ்சு என்றும் நான் சொல்லவரவில்லை. பாத்தி கட்டி முறையாகப் பயிரிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டு எது, கால்வாய்க் கரையில் பிடுங்கிய கட்டு எது என்பதை வாங்குபவரால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

செடியை அடையாளம் காண்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் நாற்றுக்கடைகளில் வல்லாரை என்று எண்ணி வேறொன்றை வாங்கி வருபவர்கள் உண்டு. வல்லாரையின் இலை சிறுநீரக வடிவில் இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு பிளவு இருக்கும். காம்பு அந்தப் பிளவில் வந்து சேரும். ஓரம் சிறு சிறு அலைகளாக வெட்டுப்பட்டிருக்கும். தொட்டி மீன் குளங்களின் அழகுக்கு விற்கப்படும் நீர்ச்செடி ஒன்றின் இலை கிட்டத்தட்ட இதே அளவில் வட்டமாக இருந்தாலும், காம்பு இலையின் நடுவில் குடைபோல் பொருந்தியிருக்கும். அது வல்லாரை அன்று. புல்தரையில் படரும் இன்னொரு கொடியின் இலை சிறுநீரக வடிவிலேயே இருக்கும், ஆனால் அதன் ஓரம் வெட்டுகள் இன்றி மழமழவென்றிருக்கும். ஐயம் தீரவில்லையென்றால் இலைகளை விலக்கித் தரையோடு ஒட்டிப் பூக்கும் பூவைத் தேடலாம். வல்லாரையின் பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மிகச் சிறிய பூ. இலைக்கு அடியில் ஒளிந்து பூப்பதால் ஆண்டுக்கணக்கில் வளர்ப்பவர்கள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாற்றுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. சந்தைக் கட்டிலேயே வேர் ஒட்டிய கணுக்கள் இருக்கும். அவற்றில் திடமானவற்றைத் தெரிந்தெடுத்து, பெரிய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, நிழலில் வைத்தால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஓடுகொடிகள் விட்டு, ஒவ்வொரு கணுவிலும் வேரூன்றி, இரண்டு மூன்று மாதங்களில் தொட்டியை மூடிவிடும். கட்டோடு வந்த பழைய இலைகளை நான் சமைப்பதில்லை. என் மண்ணில் புதிதாக விட்ட இலைகளையே பறிக்கிறேன். வேர் ஆழமாக இறங்காது ஆகையால் ஆழமான தொட்டி வீண். அகலமான, ஒரு சாண் ஆழமுள்ள நீள்தொட்டி போதும். மண்ணை நான் தோட்டத்திலிருந்து தோண்டி எடுப்பதில்லை. பையில் விற்கும் தோட்ட மண்ணோடு தேங்காய்நார்த் துகளும் நன்றாக மட்கிய இலை எருவும் கலந்துகொள்கிறேன். எங்கள் வீடு பழைய வீடு. சுவருக்கு அந்தக் காலத்தில் அடித்த வண்ணப்பூச்சு இன்னும் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. வண்ணப்பூச்சில் ஈயம் கலப்பது வழக்கமாயிருந்த நாள்களைச் சேர்ந்த சுவர் என்பதால், அதன் அடிமண்ணில் உண்ணும் கீரை எதையும் நடுவதில்லை என்று முடிவு செய்தேன். கோழி எருவை இந்த ஒரு செடிக்கு மட்டும் போடுவதில்லை. பச்சையாக உண்ணும் இலை தரையோடு தரையாக இருப்பதால், மட்காத எரு மழையில் தெறித்து இலையில் ஒட்டும்.

வெயிலைப் பொறுத்தவரை, நாள் முழுதும் சுடும் இடத்தில் வளரும் வல்லாரை இலை சிறுத்து, தடித்து, காம்பு சிவந்து, கசப்பு மிகுந்து காணப்படும். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் காம்பு நீண்டு, இலை அகன்று, மென்மையாக இருக்கும். துவையலுக்கு முதலாவது, பச்சையாக உண்பதற்கு இரண்டாவது என்று இரு இடங்களிலும் தொட்டிகளை வைத்திருக்கிறேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் கொட்டும் மழையில் அது கேட்பாரற்றுச் செழிக்கும். சனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைந்து வெயில் ஏறும்போதுதான் அதன் பிடிவாதம் தெரியும். ஒரு நாள் நீர் தவறினால் இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும்.

ஈரம் விரும்பும் செடிக்குத் தொட்டியின் கீழ் ஒரு தட்டு வைத்து நீர் நிறுத்துவது எளிய வழி. ஆனால் இந்த ஊரில் அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவதாகும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்து பூந்தொட்டித் தட்டுகளைத்தான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசுப்புழு கண்டால் நீதிமன்றம் போகாமலேயே 500 வெள்ளி (ரிங்கிட்) வரை தண்டம் விதிக்க முடியும். தண்டத்தைவிட டெங்கிக் காய்ச்சல் கொடியது என்பது எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே தட்டில் நீருக்குப் பதிலாக மணலை நிரப்பி, அந்த மணல் விளிம்பு வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஊற்றும் நீர் மணலுக்குள் ஈரமாகத் தங்கி மேலே ஏறும். கொசு முட்டையிடத் திறந்த நீர்ப்பரப்பு இருக்காது. வாரம் ஒருமுறை மணலைக் கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இறுகி அதன்மேல் நீர் தேங்கத் தொடங்கும்.

மழைக்காலத்தில் நத்தைகளின் தொல்லை பெரிது. அவை இலையைத் தின்பதை நான் பொருட்படுத்த மாட்டேன். தின்ற மிச்சமே எங்களுக்குப் போதும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் நத்தைகளிலும் ஓடில்லாத நத்தைகளிலும் இருக்கக்கூடும் என்பதும், பச்சைக் கீரையோடு அறியாமல் ஒரு சிறு நத்தையை விழுங்குபவருக்கு அது மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடும் என்பதும்தான் என்னை இரவில் டார்ச் விளக்கோடு பின்கட்டுக்கு அனுப்புகிறது. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்த பிறகு தொல்லை குறைந்திருக்கிறது. பறித்த இலையைக் கட்டாகப் பிடித்து நீரில் முக்கி எடுப்பதில் பயனில்லை. ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் இருபுறமும் விரலால் தேய்த்து, காம்பு இலையைச் சேரும் பிளவைப் பிரித்துப் பார்த்துக் கழுவ வேண்டும். உப்பு நீரில் ஊறவைத்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், அது இந்த வேலைக்கு மாற்று ஆகாது. சிறு பிள்ளைகளுக்கு நான் வேகவைத்துத்தான் கொடுக்கிறேன்.

இனி அடுப்படிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அதிகம் செய்வது துவையல். ஒரு தேக்கரண்டி நெய்யில் உளுத்தம் பருப்பையும் ஓரிரு காய்ந்த மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்துக்கொண்டு, அதே நெய்யில் இரண்டு கைப்பிடி இலையைச் சுருளும் வரை மட்டும் வதக்கி, சிறிது தேங்காய்ப் பூவும் உப்பும் சேர்த்து அம்மியிலோ மிக்சியிலோ கொரகொரப்பாக அரைப்பது. புளி வல்லாரையின் குணத்தை முறிக்கும் என்று சொல்லி என் மாமியார் புளியைக் கிட்டவே சேர்க்க மாட்டார். சித்த மருத்துவ வழக்கிலும் வல்லாரை உண்ணும் காலத்தில் புளியையும் காரத்தையும் குறைக்கச் சொல்லும் பத்தியம் உண்டு. அந்தப் பத்தியத்துக்கு வேதியியல் விளக்கம் தேடுவதைவிட, புளியில்லாத துவையலில்தான் வல்லாரையின் இளங்கசப்பு அடங்காமல் நாக்கில் நிற்கிறது என்பதற்காகவே நான் அதற்கு உடன்படுகிறேன்.

பின் சந்துக்கு அப்பால் உள்ள மலாய்க்கார மாக் சிக், அதாவது அத்தை முறையில் அழைக்கும் பெண்மணி, செய்யும் கெராபு என்ற பச்சைக் கலவை வேறு வகை. இலையை மிக மெல்லியதாக அரிந்து, இடித்த உலர் இறாலும் சிறு வெங்காயமும் மிளகாயும் வறுத்து இடித்த தேங்காயான கெரிசிக்கும் சேர்த்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்து பிசறுவார். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம் உடைய குடும்பங்களில் செய்யும் வல்லாரைச் சம்பல் இதற்கு நெருங்கிய உறவு. இறாலுக்கும் கெரிசிக்குக்கும் பதிலாகப் பச்சைத் தேங்காய்த் துருவல், உலர் மிளகாய்க்குப் பதிலாகப் பச்சை மிளகாய். இரண்டிலும் எலுமிச்சையைப் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்னதாகப் பிழிந்தால் புளிப்பு இலையின் பச்சையைக் கெடுத்துக் காக்கி நிறமாக்கிவிடும். அரிந்த இலையும் நெடுநேரம் நின்றால் கறுக்கும். இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் உண்ணக் கிடைப்பது பினாங்கில் வாழ்வதன் பேறு என்றே கருதுகிறேன். சீனர் வீடுகளில் பச்சையாக அரைத்து வடிகட்டி இனிப்புச் சேர்த்துக் குடிக்கும் வழக்கம் இருக்கிறது. உடல் சூட்டைத் தணிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சாறு எனக்குப் பிடிப்பதில்லை.

மருந்து என்ற அளவில் வல்லாரையைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் முதலிடம் நினைவாற்றலுக்கு. வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே என்ற பழமொழியும், சரஸ்வதிக் கீரை என்ற பெயரும் போதாதென்று, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கும்போது எங்கள் உறவினர் வீடுகளில் பிள்ளைகளின் தட்டில் திடீரென்று துவையல் தோன்றும். நடந்திருக்கும் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, அறிவாற்றலை இது உயர்த்துகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும், விழிப்புணர்வும் மனநிலையும் சற்று மேம்படக்கூடும் என்றும் கூறியது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு விழிப்பும் நல்ல மனநிலையும் கிடைத்தாலே பெரிய பேறு என்று அவர்களின் தாய்மார் சொல்லலாம். ஆனால் படிக்காத பாடத்தைத் துவையல் நினைவுக்குக் கொண்டுவராது.

புண்ணுக்கும் தோலுக்கும் ஆகும் என்ற மரபுச் செய்திக்கு இதைவிட வலுவான அடிப்படை உண்டு. சித்தர் வழக்கில் வல்லாரை தோல்நோய்களுக்கும் குட்டத்துக்கும் சொல்லப்பட்ட மூலிகை. 1940களில் மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தச் செடியிலிருந்து கிடைத்த ஆசியாட்டிகோசைடு என்ற பொருளைத் தொழுநோய்ப் புண்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். தோலைப் பின்னிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதை இப்பொருள் தூண்டுகிறது. புண் ஆற்றும் களிம்புகளில் அது இன்றும் இடம்பெறுகிறது. என் மகள் மருந்துக்கடையில் விலை கொடுத்து வாங்கும் கொரிய நாட்டுச் 'சிகா' களிம்பின் மூலப்பொருள் பின்கட்டுத் தொட்டியில் இருக்கும் இதே செடிதான் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. அதற்காக வெட்டுக்காயத்தில் இலையைக் கசக்கி வைத்துக் கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வகத்தில் தூய்மைப்படுத்திய களிம்பு வேறு, மண்ணோடு மண்ணாகக் கிடந்த இலை வேறு. திறந்த புண்ணில் மண் கிருமி புகுவதற்கு அது வாசல் திறக்கும்.

உணவாக வாரத்தில் ஓரிரு முறை உண்பதற்கும், மாத்திரையாகவோ செறிந்த சாறாகவோ நாள்தோறும் எடுப்பதற்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. வல்லாரை மாத்திரைகளைச் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை அர்ஜென்டினா மருத்துவர்கள் 2005இல் பதிவு செய்தார்கள். நிறுத்திய பிறகு அவர்கள் தேறினார்கள். அரிதான நிகழ்வுதான், ஆயினும் கல்லீரல் நோயுள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் உறக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்தளவில் உட்கொள்ளக்கூடாது. லிட்டில் இந்தியா கடைகளிலும் இணையத்திலும் விற்கும் வல்லாரை மாத்திரைக் குப்பியை வாங்குபவர்கள், எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி டி (T) என்ற எழுத்தில் முடியும் பதிவெண் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்நாட்டில் பாரம்பரிய மருந்தாகப் பதிவு பெற்றதற்கு அதுவே அடையாளம்; உலோக அளவு உள்ளிட்ட சோதனைகளைக் கடந்துதான் அந்த எண் கிடைக்கும். மருத்துவரிடமே போவதென்றால், 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் சித்த மருத்துவத்தையும் உள்ளடக்கியிருப்பதால், பதிவு பெற்ற சித்த மருத்துவர் யார் என்று விசாரித்துப் போகலாம்.

என் மாமியார் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நெடுங்காலமாக மாத்திரை எடுப்பவர். தொட்டிகள் நிறைந்து வழிவதைப் பார்த்ததும், வெறும் வயிற்றில் தினமும் அரை டம்ளர் சாறு குடிக்கப் போவதாக அவர் அறிவித்தார். அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கப் போனபோது நாங்கள் இதை டாக்டரிடம் சொன்னோம். கீரையாகச் சமைத்து உண்பதில் தடையில்லை, தினமும் சாறு வேண்டாம், மாத்திரையை எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் துவையல், சாறு கிடையாது. அந்த டாக்டர் இளம்பெண், அனுபவம் போதாது என்பது மாமியாரின் கட்சி. அடுத்த தவணைக்கு வேறு டாக்டர் இருந்தால் மறுபடியும் கேட்பேன் என்று சொல்லியிருக்கிறார்.